சுடுகாட்டுக்குப் போன பெட்டி

சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி அனுப்புகிற தொழிலைத் தொடங்க நல்ல நேரம் பார்த்த மனிதர் எங்கள் முதலாளி கார்த்தீஸ்வரன். சித்திரை மாதம், வளர்பிறை, வெள்ளிக்கிழமை, ராகு காலம் பிறப்பதற்கு முன். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டி, லேப்டாப்புக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பூசணிக்காயை நடுரோட்டில் போட்டு உடைத்தார்கள். எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஏசியைக் கூட்டி வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து, எங்கேயாவது யாராவது சாகமாட்டார்களா என்று காத்திருந்தார்கள்.

நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். கேசரி மட்டும் இறங்கவில்லை.

என் பெயர் தேவிபிரியா. சென்னையில் பல வருடம் ஒரே வேலை பார்த்தவள். மற்றவர்கள் எழுதிய மென்பொருளைப் பொதுமக்கள் கையில் கொடுப்பதற்கு முன் அது தாங்குமா, உடைந்தால் நமக்கு எப்படித் தெரியும், உடைந்ததை எப்படித் தூக்கி நிறுத்துவது என்று பார்க்கிற வேலை. எங்கள் தொழிலில் இதை ‘ப்ரொடக்‌ஷனுக்கு ரெடி பண்ணுவது’ என்பார்கள். வீட்டுக்காரருக்கு விருதுநகர் மாவட்டத்துக்கு மாறுதல் வந்ததால் அருப்புக்கோட்டைக்குக் குடி வந்தேன். வந்த இடத்தில் அகப்பட்டது இந்தக் கம்பெனி. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளிய மரம் ஏறத்தான் வேண்டும்.

நூல் கடைக்கு மேலே மாடியில் ஆபீஸ். கார்த்தீஸ்வரனுக்கு வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், மேடையில் இங்கிலீஷ். மூன்றிலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்: தான் பெங்களூரை விட்டுவிட்டு ஊருக்காகத் திரும்பி வந்தவர். பெங்களூர் அவரை விட்டதா, அவர் பெங்களூரை விட்டாரா என்று யாரும் கேட்டதில்லை.

ஆப்புக்கு அவர் வைத்த பெயர் ‘நிம்மதி’. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் செல்போனில் இறந்தவர் பெயரையும் வீட்டு முகவரியையும் தட்டினால் போதும், ஐஸ் பெட்டி வாசலுக்கு வந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு முன் என்ன கெட்டுப்போயிருந்தது என்றுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இந்தப் பக்கத்தில் ஐஸ் பெட்டி என்றால் மாரிசெல்வம். அவருக்கு ஒரு போன் போகும். ‘எந்தூரு, யாரு வீடு’ என்று கேட்பார். பெட்டி போய்ச் சேரும். கார்த்தீஸ்வரன் அவரையும், காரியாபட்டி, திருச்சுழிப் பக்கம் பெட்டி வைத்திருந்த மற்றவர்களையும் பேசிப் பேசி வளைத்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார். இனிமேல் யாரும் போனில் ஆர்டர் எடுக்கக் கூடாது. அவர்கள் எண்ணுக்கு அடித்தால் ஒரு பெண் குரல், ‘நிம்மதி செயலியைப் பதிவிறக்கம் செய்யவும்’ என்று கொஞ்சும். டிரைவர்கள் சாவு வீட்டாரிடம் பேசக் கூடாது. ஆப் காட்டுகிற இடத்துக்குப் போக வேண்டும், ‘சேர்ந்தது’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். இதற்குப் பெயர் சிஸ்டமாம்.

நான் சேர்ந்த அன்றைக்கே அரவிந்த்குமாரிடம் கேட்டேன், எவ்வளவு டெஸ்ட் பண்ணியிருக்கிறீர்கள் என்று. அவன்தான் ஆப்பை எழுதியவன். மூளையுள்ள பையன். மூளை இருக்கிறது என்கிற நினைப்பு அதைவிட அதிகம்.

“நூத்துக்கணக்குல பண்ணிருக்கோம்க்கா,” என்றான்.

திறந்து பார்த்தேன். இறந்தவர் பெயர்: ராவணன். அடுத்தது கம்சன். அடுத்தது மறுபடியும் ராவணன். நடுநடுவே யாரோ ஒருவருடைய தாத்தா, எப்போதோ போய்ச் சேர்ந்தவர். உயிரோடு இருக்கிற ஒருவர் பெயர் மருந்துக்குக்கூட இல்லை. முகவரியைப் பார்த்தேன். ஒன்றுவிடாமல் எல்லாம் அருப்புக்கோட்டைச் சுடுகாடு.

“ஏன் எல்லாத்துக்கும் சுடுகாட்டையே போட்டிருக்கீங்க?”

“வேற எதைப் போடச் சொல்றீக? ஒருத்தர் வீட்டு அட்ரஸைச் சும்மாவாச்சும் போட்டு, நாளைக்கு அந்த வீட்டுல ஒண்ணு ஆச்சுன்னா யாருக்கா பதில் சொல்றது?”

கணக்குப் பார்க்கிற காளீஸ்வரி ஒரு தடவை கைமறதியாகத் தன் தெருப் பெயரைத் தட்டிவிட்டாளாம். அழித்துவிட்டு, அரை நாள் லீவு சொல்லி, வீட்டுக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாளாம். இதை அவளே பெருமையாகச் சொன்னாள்.

இதற்கு மேல் ஒரு வேலை செய்திருந்தான் அரவிந்த்குமார். கொடுத்த முகவரி மேப்பில் அகப்படவில்லையென்றால் ஆப் திணறி நிற்கும் அல்லவா? டெஸ்ட் நின்றுவிடக் கூடாது என்று, முகவரி அகப்படாவிட்டால் சுடுகாட்டுக்கே வண்டியை அனுப்பு என்று எழுதி வைத்திருந்தான்.

“டெஸ்ட்டுக்காகத்தான்க்கா. லைவ் போறப்ப எடுத்துருவேன்.”

என் அனுபவத்தில் ‘அப்புறம் எடுத்துவிடுவேன்’ என்று வைத்த எதையும் எவனும் எடுத்ததில்லை. திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் முக்கால்வாசி வீடு மேப்பில் கிடையாது. கண்மாய் இருக்கும், கோயில் இருக்கும், நடுவில் வெறும் காடு காட்டும். நேரே கார்த்தீஸ்வரனிடம் போனேன்.

“சார், உயிரோட இருக்குற ஒருத்தர் பேர்ல, ஒரு கிராமத்து வீட்டுக்கு, ஒரே ஒரு ஆர்டர் போட்டுப் பாத்துருவோம். பெட்டி வாசலுக்கு வரணும், நான் கண்ணால பாக்கணும். வேற யாரும் வேணாம், என் பேரையே போடுங்க.”

“மொதல்ல வாயைக் கழுவிட்டு வாங்க மேடம். தாலி கட்டுன பொண்ணு பேசுற பேச்சா இது?”

“அப்பச் சரி, ஆர்டரை ரத்து பண்ற பொத்தானாவது வைங்க. தப்பா போயிருச்சுன்னா திருப்பணும்ல?”

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “எதுக்கு? செத்தவன் எந்திரிச்சு வந்தா ரத்து பண்றதுக்கா?”

ஆபீஸே சிரித்தது. டெஸ்ட்டுக்கு இல்லாமல் நிஜ ஆர்டருக்கு மட்டும், ஒருவர் பெயரில் ஒரு பெட்டிக்கு மேல் பதிவாகாது என்றும் ஒரு பூட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். “மனுசன் ஒருக்காத்தான சாவான்” என்று கார்த்தீஸ்வரன் இதை ஒரு காலேஜ் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறார். பலகையில் பிள்ளையார் சுழி போட்டு, ‘ப்ரொடக்‌ஷன் ரெடி’ என்று கொட்டை எழுத்தில் எழுதினார். எழுதிவிட்டால் ரெடி. கல்யாண வீட்டில் இலை போட்டாச்சா என்று கேட்டால் ஆச்சு என்று சொல்வதற்கும் இவர்கள் ரெடி என்பதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை. கல்யாண வீட்டிலாவது இலையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள்.

பூசணிக்காய் உடைத்த அந்த வெள்ளிக்கிழமை யாரும் சாகவில்லை. சனிக்கிழமை காலையில் முதல் ஆர்டர் வந்தது.

அப்போது நான் ஆபீஸில் இல்லை. மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். மதியம் படியேறி வந்தபோது மறுபடியும் கேசரி. கார்த்தீஸ்வரன் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கைகொடுத்துக்கொண்டிருந்தார். பெரிய திரையில் பச்சை நிறத்தில் ‘சேர்ந்தது’ என்று மின்னியது. அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அதே படம், கீழே எழுத்து: ‘முதல் சேவை. இருபதே நிமிடம்.’

“எந்த ஊருக்கு?” என்று கேட்டேன்.

“ஆலடியேந்தல். திருச்சுழிக்குத் தெக்க,” என்றான் அரவிந்த்குமார்.

“திருச்சுழிக்குத் தெக்க இருக்குற ஊருக்கு இங்கருந்து இருபது நிமிசத்துல எந்த வண்டி போகும்?”

யாருக்கும் அந்தக் கணக்கு உறைக்கவில்லை. கேசரி தின்கிற வாய் கேள்வி கேட்காது. நான் மேப்பைத் திறந்தேன். வண்டிக்கு ஒரு புள்ளி. அது சுடுகாட்டில் நின்றுகொண்டிருந்தது.

“அது டெஸ்ட் ஆர்டரா இருக்கும்க்கா. நம்ம டெஸ்ட்டு எல்லாம் அங்கதான நிக்கும்,” என்றான் அவன். திரையைப் பார்க்கிற கண் எல்லாவற்றுக்கும் அது பழகிப்போயிருந்தது. பெட்டி சுடுகாட்டில் நின்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

இறந்தவர் பெயரைப் பார்த்தேன். ராவணன் இல்லை. இருளப்பசாமி. பதிவு செய்தவர் தங்கலட்சுமி, மகள். அந்த எண்ணுக்கு அடித்தேன்.

“பெட்டி வந்துருச்சுன்னு காலையிலேயே மெசேஜு வந்துச்சுக்கா,” என்றாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. “தெருமுக்குல ஆளை நிப்பாட்டிப் பாத்துக்கிட்டே இருக்கோம். எங்கன வந்து நிக்குது? அண்ணன் மஸ்கட்டுலருந்து கெளம்பிட்டான், விடிய வந்துருவான். பெட்டி இருந்தா காலையில வரைக்கும் வச்சிருப்போம், இல்லைன்னா பொழுது சாயுறதுக்குள்ள எடுத்துருவோம்னு பெரியவுக சொல்றாக. அப்பா மொகத்தை அவன் பாக்கணும்க்கா.”

வெளியே அக்னி நட்சத்திர வெயில். தார் ரோடு இளகிக் கிடந்தது. வீட்டுக்குள் ஓர் உடல், அதைச் சுற்றி, வந்துவிட்டதாக எங்கள் கம்பெனி சத்தியம் பண்ணிய பெட்டிக்காகக் காத்திருக்கிற சனம். அந்த மெசேஜ் மட்டும் போயிருக்காவிட்டால் அவர்கள் மதுரையிலிருந்தாவது ஒரு பெட்டியை வரவழைத்திருப்பார்கள்.

அரவிந்த்குமார் இன்னொரு ஆர்டர் போட்டான். ‘இவருக்குப் பெட்டி ஏற்கெனவே சேர்ந்துவிட்டது’ என்றது ஆப். மனுசன் ஒருக்காத்தானே சாவான். பழையதை ரத்து செய்யப் பொத்தான் இல்லை. மாரிசெல்வத்துக்கு அடித்தேன். அந்தக் கொஞ்சும் பெண் குரல் பதிவிறக்கம் செய்யச் சொன்னது. டிரைவர் எண் மாரிசெல்வத்திடம்தான் இருக்கிறது.

“கொஞ்சம் பொறுங்கக்கா, கோடிங்கை மாத்தி ஏத்திர்றேன்,” என்று அவன் உட்கார்ந்தான்.

“கோடிங் கெடக்கட்டும். சுடுகாடு பக்கந்தான இருக்கு? யாராச்சும் பைக்கை எடுத்துட்டுப் போய் அந்த டிரைவரைத் திருப்பி விடுங்க.”

கார்த்தீஸ்வரன்தான் முதலில் வாயைத் திறந்தார். “நான் இப்பத்தான் புது வீட்டுல பால் காய்ச்சியிருக்கேன் மேடம். அந்த வாசலை மிதிக்கக் கூடாது.” அரவிந்த்குமாருக்குத் தங்கச்சி கல்யாணம், பந்தக்கால் ஊன்றியாயிற்று. இன்னொருவனுக்குப் பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள். சாவை நம்பிக் கடை விரித்திருக்கிறார்கள், ஒருத்தர் காலும் அந்தப் பக்கம் படாது. மீன் விற்கப் போனவன் கவிச்சி ஆகாது என்ற கதை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கேசரிச் சட்டியைத் தூக்கி அவர்கள் மேல் கொட்டியிருப்பேன்.

வண்டிச் சாவியை எடுத்தேன். “பொம்பளை அங்க போகக் கூடாதுக்கா,” என்றாள் காளீஸ்வரி.

“அப்ப ஆம்பளையைப் போகச் சொல்லு,” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

சுடுகாட்டுக்குள் வேப்பமர நிழலில் வேன் நின்றது. பின்னால் பளபளவென்று வெறும் பெட்டி. டிரைவர் அருஞ்சுனை சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கதவைத் தட்டியதும் என்னைப் பார்த்துப் பதறிப்போனார், ஒரு பொம்பளையை அங்கே எதிர்பார்க்கவில்லை.

“எடுத்த எடுப்புல சுடுகாட்டுக்கு எதுக்குப் பெட்டின்னு நானும் யோசிச்சேன்மா. ஆளு பின்னால வரும்போலன்னு நெனைச்சுக்கிட்டேன். ஆப்பு சொன்னா மறுகேள்வி கேக்கப்படாதுன்னு அவுக சொல்லிருக்காகள்ல.”

ஸ்கூட்டரை அங்கேயே போட்டுவிட்டு வேனில் ஏறிக்கொண்டேன். திருச்சுழி ரோட்டில் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். அருஞ்சுனை மிதித்த மிதியில் பெட்டி பின்னால் தடதடவென்று ஆடியது. பாதி வழியில் தங்கலட்சுமி அழைத்தாள்.

“எங்கக்கா வாரீக? ஒடம்பு தாங்கலன்னு சொல்றாக. குளிப்பாட்டி எடுக்க நீர்மாலைக்குத் தண்ணி எடுக்கக் கெளம்பிட்டாக.”

“வந்துக்கிட்டே இருக்கோம்மா. சத்த நேரம் பொறுக்கச் சொல்லு.”

“காலையிலருந்து வந்துக்கிட்டேதானக்கா இருக்கு,” என்றாள். அதற்குப் பிறகு நான் எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை.

நாங்கள் ஊருக்குள் நுழைந்தபோது தெருவெல்லாம் பூ இறைந்து கிடந்தது. பந்தலுக்குப் பின்னால் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரத்தலையோடு பெண்கள் நின்றார்கள். கண்மாய்க்கரைக்கு அந்தப் பக்கம் புகை எழும்பிக்கொண்டிருந்தது. கொள்ளி வைக்க வேண்டியவன் வானத்தில் பறந்துகொண்டிருக்க, பங்காளி வீட்டுப் பையன் வைத்திருக்கிறான்.

வேனைப் பார்த்ததும் ஒரு பெண் முன்னால் வந்தாள். அவள்தான் தங்கலட்சுமி என்று சொல்லாமலே தெரிந்தது. என்னை ஏச வேண்டும், மண்ணை அள்ளித் தூற்ற வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன். செய்யவில்லை. பெட்டியின் கண்ணாடியை ஒரு தடவை கையால் தொட்டுப் பார்த்தாள்.

“அண்ணன் ப்ளேன்ல இருக்கான். எறங்குனதும் போன் போடுவான்,” என்றாள். “எனக்குச் சொல்ல வாய் வரல. நீங்களே சொல்லிருங்க. மெசேஜு நல்லாத்தான அனுப்புறீக.”

அந்தக் கம்பெனியின் சம்பளத்தில் சோறு தின்றதற்காக அன்றைக்கு வெட்கப்பட்டேன். மறுநாள் காலையில் அவள் அண்ணன் சுந்தரபாண்டி வந்து, தகப்பன் முகத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில் சாம்பலைப் பார்த்தான் என்று பிறகு அருஞ்சுனை சொன்னார்.

திங்கட்கிழமை ராஜினாமாவோடுதான் ஆபீஸுக்குப் போனேன். கார்த்தீஸ்வரன் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். ஸ்டேட்டஸில் ‘இருபதே நிமிடம்’ மறுபடியும் ஏறியிருந்தது.

“ஒரு ஆர்டருக்கெல்லாம் மனசு ஒடையக் கூடாது. கத்துக்கிட்டோம்ல. இப்பப் பக்கா ரெடி,” என்றார். சுடுகாட்டுக்கு அனுப்புகிற வரியை அரவிந்த்குமார் எடுத்துவிட்டானாம். இனி வீடு எது என்று மேப்பில் விரலால் தொட்டுக் காட்டலாமாம், தெருப் பெயரே தேவையில்லையாம்.

“டெஸ்ட் பண்ணியாச்சா?” என்றேன்.

“பண்ணாம இருப்போமாக்கா?” என்றான் அரவிந்த்குமார்.

திறந்து பார்த்தேன். ராவணன் மறுபடியும் செத்திருந்தான். விரலால் தொட்டுத்தான் காட்டியிருந்தார்கள். தொட்ட இடம் சுடுகாடு.

ராஜினாமாவை மேசையில் வைத்தேன். வைத்துவிட்டு, பெரிய திரையில் எல்லோரும் பார்க்கும்படி, டெஸ்ட் இல்லாத நிஜ ஆர்டர் ஒன்றைத் திறந்தேன். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் ‘கார்த்தீஸ்வரன்’ என்று அடித்தேன். காளீஸ்வரி காதைப் பொத்திக்கொண்டாள். பாலவனத்தம் ரோட்டில் புது மனைப் பிரிவில் அவர் பால் காய்ச்சிய வீட்டுக்கு இன்னும் தெருப் பெயர் கிடையாது, மேப்பிலும் கிடையாது. அந்த வெற்றுக் காட்டில் வீடு இருக்கிற இடத்தை விரலால் தொட்டேன். பொத்தானை அழுத்தினேன்.

மாரிசெல்வத்தின் ஷெட்டிலிருந்து ஒரு புள்ளி கிளம்பியது.

“ஏம்மா, என்ன காரியம் பண்ணிட்டீங்க,” என்று எழுந்தார் கார்த்தீஸ்வரன். “வீட்டுல அம்மா இருக்காக. ரத்து பண்ணுங்க. ஏலே அரவிந்து, ரத்து பண்ணுலே.”

“பொத்தான் இல்லையேண்ணே,” என்றான் அவன்.

மாரிசெல்வத்துக்கு அடித்தார். ஸ்பீக்கரில் அந்தக் கொஞ்சும் குரல் பதிவிறக்கம் செய்யச் சொன்னது. அடுத்து வீட்டு எண்ணை எடுத்தார். அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

புள்ளி முக்குரோட்டில் வந்து நின்றது. நேரே போனால் சுடுகாடு, வலது பக்கம் திரும்பினால் பாலவனத்தம் ரோடு. கார்த்தீஸ்வரன் போனைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். உதடு அசைந்தது. “சௌடேஸ்வரித் தாயே, சுடுகாட்டுக்கே போயிரணும். சுடுகாட்டுக்கே போயிரணும்.”

தன் மென்பொருள் வேலை செய்யக் கூடாது என்று சாமியிடம் கெஞ்சிய முதலாளியை நான் சென்னையில்கூடப் பார்த்ததில்லை.

புள்ளி வலது பக்கம் திரும்பியது.

“இப்ப ரெடி சார்,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.